‘ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும்’ என்பது உண்மையா? ஃப்ரோசன் ஷோல்டருக்குக் கைச் சிகிச்சை என்ன செய்யும், எங்கே தடுமாறும்?

பைக்கை நிறுத்திவிட்டுப் பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கப் போனால், கை பின்னால் போக மறுக்கிறது. ரவிக்கையின் பின் கொக்கியைப் போட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் சுரீரென்று ஒரு வலி, அதோடு தூக்கம் போச்சு.

முதல் மாதம் ‘ஏதோ சுளுக்கு’ என்று தைலம் தேய்ப்பார்கள். அடுத்த மாதம் ‘வாயுப் பிடிப்பா இருக்கும்’ என்பார்கள். மூன்றாவது மாதம் கண்ணாடி முன் தலை வாரும்போதுதான், கை காதைத் தாண்டி மேலே ஏறவில்லை என்பது உறைக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் முகவரி கொடுப்பார்: “அங்க ஒருத்தர் இருக்கார்க்கா, ரெண்டு இழுப்புதான். எங்க மாமாவுக்கு ஒரே நாள்ல கை மேல போயிடுச்சு.”

தோள்பட்டை உறைந்தவர்களுக்குக் கைச் சிகிச்சை உண்மையிலேயே உதவும். ஆனால், அது ‘ரெண்டு இழுப்பு’ அல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால் சிலர் வலியை இன்னும் மாதக்கணக்கில் நீட்டித்துக்கொள்கிறார்கள், சிலர் எலும்பையே உடைத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

தோள் மூட்டைப் பந்து கிண்ண மூட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் அந்தக் கிண்ணம் அவ்வளவு ஆழமில்லை. சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போலத்தான் மேற்கை எலும்பின் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல்வது இதனால்தான். பழம் தட்டைவிட்டு உருண்டுவிடாமல் பிடித்து வைப்பவை சுற்றியுள்ள தசைகளும், மூட்டைப் பைபோல மூடியிருக்கும் மூட்டுறையும்.

இந்த உறையின் அடிப்பகுதி கொஞ்சம் தொளதொளவென்று மடிந்திருக்கும். சட்டை தைக்கும்போது கம்புக்கூட்டுப் பக்கம் துணியைத் தாராளமாக விட்டால்தான் கையைத் தூக்க முடியும், இல்லையா? அதே கணக்கு. ஃப்ரோசன் ஷோல்டரில் முதலில் இந்த உறை அழற்சி அடைகிறது. பிறகு தடித்து, சுருங்கி, தழும்புபோல இறுகுகிறது. மடிப்பு காணாமல் போகிறது. ஆரோக்கியமான மூட்டுறைக்குள் 15 மில்லிக்கு மேல் திரவத்தை ஏற்றலாம். உறைந்த தோளில் பெரும்பாலும் 10 மில்லிகூட ஏறாது. எலும்பு, தசை எல்லாம் நன்றாகவே இருக்கும், மேலே போட்டிருக்கும் சட்டைதான் இரண்டு சைஸ் சின்னதாகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் ‘நார்மல்’ என்று வருவதும் இதனால்தான்.

1872-லேயே பிரெஞ்சு அறுவை சிகிச்சை மருத்துவர் துப்ளே இதைப் பற்றி எழுதினார். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை 1934-ல் வைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் காட்மன். பிரச்சினை மூட்டுறையில் இருக்கிறது என்று காட்டி, 1945-ல் ‘அட்ஹெசிவ் கேப்சுலைடிஸ்’ என்று பெயரிட்டவர் ஜூலியஸ் நெவியாசர். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்றும் பார்ப்பது இந்தப் பெயரைத்தான். ஜப்பானில் சாதாரணப் பேச்சில் இதற்கு ‘ஐம்பது வயதுத் தோள்’ என்றே பெயர். சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்று சொல்லப்படுவதோடு இதை ஒப்பிடுவார்கள்.

சர்க்கரைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. சர்க்கரை நோயாளிகளில் இது பல மடங்கு: நூறுக்குப் பத்துப் பேர், அதற்கு மேலும்கூட. ரத்தத்தில் அதிகமாக இருக்கும் சர்க்கரை, உறையிலுள்ள கொலாஜன் நார்களோடு ஒட்டி அவற்றை விறைப்பாக்குவது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. தைராய்டு கோளாறு இருப்பவர்களுக்கும், எலும்பு முறிவு, பக்கவாதம், மார்பக அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் கையை அசைக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். நம் தெருவிலேயே இந்தத் தோள்வலிக்காரர்கள் இத்தனை பேர் இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காரணமே தெரியாமல் தோள் இறுகிய ஒருவருக்கு மருத்துவர் முதலில் சுகர் டெஸ்ட் எழுதிக்கொடுத்தால், ‘தோளுக்கு வந்தா ரத்தத்தை எடுக்கிறாரே’ என்று கோபப்பட வேண்டாம். சிலருக்குச் சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது.

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காரும் இருபதுகளின், முப்பதுகளின் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: சாயங்காலம் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்வது அநேகமாக இது அல்ல. அது தசை அலுப்பு. 40-க்குக் கீழே உண்மையான ஃப்ரோசன் ஷோல்டர் அபூர்வம்.

இது அதுதானா என்று எப்படித் தெரியும்?

இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, கைகளைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கை தாராளமாகப் போய், இன்னொன்று பாதியிலேயே முட்டி நின்றால் சந்தேகப்படலாம். இப்போது வீட்டில் ஒருவரை அந்தக் கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அதே இடத்தில் முட்டுகிறதா? இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். தசைநார் கிழிந்திருந்தால் நாமாகத் தூக்க முடியாத கையை அடுத்தவர் தூக்கிவிட முடியும். மூட்டுறை இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் போகாது.

ஆனால் இது மருத்துவரிடம் போவதற்கான காரணம்தான், போகாமல் இருப்பதற்கான காரணம் அல்ல. மூட்டுத் தேய்மானத்திலும் கை இப்படி முட்டும். வலிப்பு வந்த பின் பின்பக்கமாக நழுவிய மூட்டும் இப்படியேதான் நிற்கும். ஒரு எக்ஸ்ரே இந்தச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் தோளைப் பற்றிய பேச்சே வேண்டாம். நேராக எமர்ஜென்சிதான்.

கைச் சிகிச்சை என்றால் மசாஜா?

இல்லை. பிசியோதெரபிஸ்ட்டுகள் ‘ஜாயின்ட் மொபிலைசேஷன்’ என்று சொல்வது வேறு விஷயம். கையைத் தூக்கும்போது எலும்பின் தலை மேல்நோக்கி உருள்கிறது. அதே நேரத்தில் கீழ்நோக்கிக் கொஞ்சம் சறுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மேலே உள்ள எலும்புக் கூரையில் போய் இடிக்கும். உறை இறுகியவர்களுக்கு உருள்வது நடக்கிறது, சறுக்குவது நடப்பதில்லை. இந்தச் சறுக்கலை நாமாகச் செய்துகொள்ள முடியாது. அதற்கென்று தனியாக ஒரு தசை கிடையாது. வெளியிலிருந்து ஒரு கை வேண்டும்.

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். சிகிச்சையாளர் ஒரு கையால் நோயாளியின் கையைத் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையை மூட்டுக்கு மிக அருகில், எலும்பின் தலைமேல் வைத்து, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ தாளகதியில் அழுத்துவார். அசைவு மில்லிமீட்டர் கணக்கில்தான். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ‘இதுக்கா காசு?’ என்றுகூடத் தோன்றும்.

அழுத்தத்தின் அளவை ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் இரண்டு படிகளில் மூட்டின் இறுக்கத்தைத் தொடவே மாட்டார்கள். சும்மா ஆட்டுவதுபோல இருக்கும், நோக்கம் வலியைத் தணிப்பது. மூன்றும் நான்கும் இறுக்கத்தின் எல்லைவரை போய் அதை நெருக்கும். நார்வேயின் கால்டென்போர்ன், நியூசிலாந்தின் பிரையன் முல்லிகன் ஆகியோரின் முறைகளும் நடைமுறையில் இருக்கின்றன. முல்லிகன் முறையில் சிகிச்சையாளர் மூட்டைச் சறுக்கிப் பிடித்துக்கொள்ள, நோயாளியே கையைத் தூக்க வேண்டும்.

எந்தத் திசையில் அழுத்த வேண்டும் என்பதில் ஒரு சுவாரஸ்யம். கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லையென்றால் எலும்பை முன்னோக்கிச் சறுக்க வேண்டும் என்றுதான் பாடப் புத்தகம் நெடுங்காலம் சொன்னது. 2007-ல் அமெரிக்காவில் 20 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு செஷனுக்குப் பின், முன்னோக்கிச் சறுக்கியவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் சராசரியாக 3 டிகிரி. பின்னோக்கிச் சறுக்கியவர்களுக்கு 31 டிகிரி. இருபதே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் புத்தகத்தைத் திரும்பப் படிக்க வைத்த ஆய்வு.

எவ்வளவு அழுத்தலாம்?

நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. “வலிச்சாத்தான் சார் சரியாகும், நல்லா இழுத்துவிடுங்க, நான் தாங்கிக்கறேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கும் நோயாளிகள் ஏராளம். அதை நம்பி இழுக்கும் சிகிச்சையாளர்களும் உண்டு.

ஃப்ரோசன் ஷோல்டர் மூன்று கட்டமாகப் போகும். முதல் சில மாதங்கள் வலி உச்சத்தில் இருக்கும், இறுக்கம் மெல்ல ஏறும். அடுத்த கட்டத்தில் வலி குறையும், கை அப்படியே பூட்டிக்கொள்ளும். மூன்றாவது கட்டத்தில் பூட்டு மெதுவாகத் திறக்கும். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரைகூட ஆகலாம். முதல் கட்டத்தில் உறை அழற்சியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இழுப்பது, ஆறாத புண்ணைக் கீறுவதுபோல.

நெதர்லாந்தில் டீர்க்ஸ், ஸ்டீவன்ஸ் என்ற இருவர் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்து, 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வலியின் எல்லையைத் தாண்டி இழுக்கும் தீவிர பிசியோதெரபி. இன்னொரு குழுவுக்கு விளக்கம் சொல்லி, வலிக்குள் அடங்கும் பயிற்சி மட்டும் கொடுத்து, ‘முடிந்த வேலையைச் செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கை நன்றாக வேலைசெய்யும் நிலைக்கு வந்தவர்கள், தீவிரக் குழுவில் 63 சதவீதம், மென்மைக் குழுவில் 89 சதவீதம்.

அப்படியானால் கையே வைக்கக் கூடாதா? அதே நாட்டில் வெர்மியூலன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட, 100 பேரிடம் செய்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. மென்மையான மொபிலைசேஷன், அழுத்தமான மொபிலைசேஷன் இரண்டும் பலன் தந்தன. அழுத்தமானது கொஞ்சம் கூடுதலாக. இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியும். ஆனால் இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள், குறைந்தது மூன்று மாதம் கடந்து கை பாதிக்கு மேல் பூட்டிக்கொண்டவர்கள். அழுத்தமும் அவர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவில்தான் தரப்பட்டது. வலி ஆளும் கட்டத்தில் மென்மை, இறுக்கம் ஆளும் கட்டத்தில் அழுத்தம் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டுதலும் தோள் எவ்வளவு சீற்றத்தில் இருக்கிறது என்று பார்த்தே அழுத்தத்தை முடிவுசெய்யச் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், மொபிலைசேஷனுக்கான ஆதாரம் ‘பலவீனமானது’ என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

நோயாளிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. செஷன் முடிந்தபின் சில மணி நேரம் வலித்து அடங்கினால் பரவாயில்லை. மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால், ராத்திரித் தூக்கம் இன்னும் கெட்டால், அழுத்தம் அதிகம். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “பரவால்ல டாக்டர்” என்று சிரித்துவிட்டு வரக் கூடாது.

ஊசியா, கையா?

வலி கடுமையாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குக் கை மட்டும் ஈடாகாது. 32 ஆய்வுகளை அலசிய 2014-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, முதல் சில வாரங்களில் கைச் சிகிச்சையும் பயிற்சியும் ஊசி அளவுக்குப் பலன் தராமல் போகலாம் என்றுதான் முடித்தது. சில மாதங்கள் போனால் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஊசி வலியை அடக்க, அந்த இடைவெளியில் கையும் பயிற்சியும் அசைவை மீட்பது என்று இரண்டையும் சேர்த்துக்கொள்வது நியாயமான வழி. சர்க்கரை நோயாளிகள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊசி போட்டபின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை எகிறும். மருத்துவரிடம் முன்பே சொல்லி, வீட்டில் குளுக்கோமீட்டரை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அறுவை சிகிச்சை பற்றியும் கேட்பார்கள். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரைச் சேர்த்து நடந்த ‘யுகே ஃப்ராஸ்ட்’ ஆய்வு 2020-ல் லான்செட் இதழில் வந்தது. மயக்க மருந்து கொடுத்துக் கையைத் திருப்பி உறையை விடுவிப்பது, நுண்துளை அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்த பிசியோதெரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டு முடிவில் நோயாளி உணரக்கூடிய பெரிய வித்தியாசம் எதுவுமில்லை. அறுவை சிகிச்சைக் குழுவில் கடுமையான பக்கவிளைவுகள் கொஞ்சம் அதிகம். பிசியோதெரபி குழுவில் பின்னால் வேறு சிகிச்சையும் தேவைப்பட்டவர்கள் கொஞ்சம் அதிகம்.

இந்த ஆய்வில் பாக்கெட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு தகவலும் இருக்கிறது. அதில் தரப்பட்ட பிசியோதெரபி அதிகபட்சம் 12 செஷன். ‘தினமும் வாங்க, மூணு மாசம்’ என்று பேக்கேஜ் போட்டு முன்பணம் கேட்கும் இடத்தில் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே கை எத்தனை டிகிரி போகிறது என்று அளந்து எழுதிவைத்தார்களா, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப அளந்தார்களா, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால், வெறும் ஹீட் பேக்கும் கரண்ட் வைப்பும்தான் நடக்கிறது என்றால், இடத்தை மாற்றுவதே உத்தமம்.

வெளியே போக முடியாத வயதானவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

அந்த ‘ரெண்டு இழுப்பு’?

“மாமாவுக்கு ஒரே நாள்ல சரியாச்சு” என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு இருந்தது ஃப்ரோசன் ஷோல்டராக இல்லாமல் சாதாரணத் தசைப்பிடிப்பாக இருந்திருக்கலாம். அல்லது தானாகவே திறந்துகொண்டிருந்த மூன்றாவது கட்டத்தில் போயிருக்கலாம். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. மயக்க மருந்து கொடுத்து, தசைகள் முழுக்கத் தளர்ந்த நிலையில் அறுவை அரங்கில் கையைத் திருப்பும்போதே மேற்கை எலும்பு உடையும் அபாயம் உண்டு என்று நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். வலியில் விறைத்திருக்கும் கையை, எலும்பு மெலிந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் திண்ணையில் உட்காரவைத்து வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொக்கணம் போன்ற சித்த முறைகளை விரும்புபவர்கள், அரசு சித்த மருத்துவமனைகளிலும் பதிவுபெற்ற சித்த மருத்துவர்களிடமும் போவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

வீட்டில் என்ன செய்வது?

வாரத்துக்கு இரண்டு செஷன் போனால் சிகிச்சையாளரின் கை தோள்மீது இருப்பது ஒரு மணி நேரம்கூட இராது. மீதி நேரமெல்லாம் தோள் நம்மிடம்தான் இருக்கிறது. பெயர் வைத்த அதே காட்மன் சொல்லிவைத்த ஊசல் பயிற்சி இன்றும் முதல் பாடம்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, கிணற்று வாளிபோல மெல்ல ஆடவிடுவது. இரண்டாவது, சுவரில் விரல்களை எறும்புபோல ஊரவிட்டு, நேற்று நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வது. இறுக்கக் கட்டம் வந்தபின், படுத்துக்கொண்டு ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுவது. வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் எளிதாக இருக்கும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்வதைவிட நாளுக்கு நாலைந்து தடவை ஐந்தைந்து நிமிடம் செய்வது மேல்.

முழுக்கச் சரியாகுமா? ‘தானாப் போயிடும், ஒண்ணும் பண்ண வேண்டாம்’ என்று முன்பெல்லாம் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் நோயாளிகளை நான்கு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 59 சதவீதத்தினருக்குத் தோள் கிட்டத்தட்டப் பழையபடி ஆகியிருந்தது. 35 சதவீதத்தினருக்கு லேசாகவோ மிதமாகவோ தொந்தரவு மிச்சம் இருந்தது. 6 சதவீதத்தினருக்குக் கடுமையாகவே தொடர்ந்தது. குணமான அதே தோளில் திரும்ப வருவது அபூர்வம். அடுத்த தோளுக்கு வரலாம், குறிப்பாகச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு.

அதுவரை ராத்திரியை ஓட்ட வேண்டுமே. மல்லாந்து படுப்பவர்கள் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்தால் தோள் பின்னால் சரியாது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் நல்ல பக்கம் படுத்து, வலிக்கும் கையை நெஞ்சோடு அணைத்த தலையணைமேல் போட்டுக்கொள்ளலாம். காலையில் சட்டை போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அந்தக் கை கடைசி.